எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று கூப்பிட்டால்

அலுவலகக் கணினிகளைப் பராமரிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பிரிண்டர் ஓடவில்லை, நெட் வரவில்லை என்றால் உடனே எழுந்து ஓடுகிறீர்கள். "எழுத்து சரியாகத் தெரியவில்லை" என்ற புகாரை மட்டும் கடைசிக்குத் தள்ளிவிடுகிறீர்கள். வேலை நின்றுவிடவில்லையே என்பது உங்கள் கணக்கு. பில் போடுகிற பெண்ணும் பத்திரம் தட்டச்சு செய்கிறவரும் காலை முதல் மாலை வரை அந்த எழுத்தைத்தான் படிக்கிறார்கள். 3 என்பதை 8 என்று படித்தால் கணக்கு இடிக்கும். சாயங்காலம் தலைவலியோடு வீட்டுக்குப் போவார்கள். இந்தப் புகாருக்கும் அதே அவசரத்தோடு எழுந்து போங்கள்.

இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை சரிசெய்யக்கூடியவை. சரியாகாமல் இழுத்துக்கொண்டே போவதற்குக் காரணம், எங்கே கெட்டது என்று பாராமல் ஃபாண்டை மாற்றி மாற்றிப் பார்ப்பது. ஓர் எழுத்து திரைக்கு வருவதற்குள் பல கை மாறுகிறது. கோப்பில் அது வெறும் எண். அந்த எண்ணுக்கு ஒரு ஃபாண்ட் தேடப்படுகிறது. கொம்பும் காலும் உரிய இடத்தில் சேர்க்கப்படுகின்றன. வளைகோடு பிக்சலாகிறது. அந்தப் பிக்சல்களை விண்டோஸ் இன்னொரு முறை இழுத்துப் பெரிதாக்கலாம். பிறகு கேபிள், அதன் பிறகு மானிட்டர். எந்தக் கையில் கெட்டது என்று தெரிந்த பிறகு செட்டிங்கைத் தொடுங்கள்.

1. கூப்பிட்டவருடைய நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் இடத்திலிருந்தே ரிமோட்டில் நுழைந்து பார்த்தால் உங்கள் மானிட்டரில் எப்படித் தெரிகிறது என்பதுதான் தெரியும். அவருடைய கண்ணுக்கு என்ன படுகிறது என்பது தெரியாது. இரண்டு கேள்வி போதும். எல்லா ஜன்னலிலும் இப்படியா, இந்த மென்பொருளில் மட்டுமா? எப்போதிலிருந்து, அதற்கு முந்தைய நாள் என்ன மாறியது? புது மானிட்டர், புது கேபிள், விண்டோஸ் அப்டேட், மேசை மாற்றம் என்று ஏதாவது ஒன்று வெளியே வரும்.

2. அடுத்து ஸ்கிரீன்ஷாட். இந்த ஒரு பழக்கத்தைக் கைக்குக் கொண்டுவந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கணினி தன் நினைவகத்தில் வரைந்து வைத்திருப்பதுதான் ஸ்கிரீன்ஷாட்டில் வரும். கேபிளும் மானிட்டரும் செய்கிற கோளாறு அதில் வராது. அதனால் படத்தை எடுத்து நன்றாக இருக்கிற வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். அங்கே எழுத்து தெளிவாக இருந்தால் குற்றம் மானிட்டர் பக்கம். அங்கேயும் மங்கலாக இருந்தால் மென்பொருள் பக்கம். படத்தை பிஎன்ஜி கோப்பாகவே எடுத்துப் போங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கி, தன் பங்குக்கு ஒரு மங்கலையும் சேர்த்துவிடும்.

மென்பொருள் பக்கம்தான் என்று தெரிந்தால் அதே படத்தை பெயிண்டில் 800% வரை பெரிதாக்கி ஒரே ஓர் எழுத்தைப் பாருங்கள். 'ட' எடுத்துக்கொள்ளலாம்; அதில் நிமிர்ந்த கோடு ஒன்றும் படுத்த கோடு ஒன்றும் இருக்கின்றன. விளிம்பெல்லாம் கறுப்பு வெள்ளைப் படிக்கட்டாக மட்டும் இருந்தால் எழுத்தின் ஓரத்தை மென்மைப்படுத்தல் (ஃபாண்ட் ஸ்மூத்திங்) அணைந்திருக்கிறது. ஓரத்தில் ஒரு பிக்சல் அளவுக்குச் சாம்பல் இருந்தால் அது சாதாரண மென்மைப்படுத்தல், கோளாறு இல்லை. ஒரு பக்கம் செம்மையும் மறுபக்கம் நீலமும் ஒட்டியிருந்தால் கிளியர்டைப் வேலை செய்கிறது (அதைப் பற்றி ஐந்தாவதில்). நேர்க்கோட்டின் இரண்டு பக்கமும், மேலும் கீழும், சாம்பல் தடிமனாகப் படர்ந்திருந்தால் வரைந்து முடித்த படத்தை யாரோ இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். இந்த நாலையும் பார்த்தவுடன் சொல்லும்படி கண் பழக வேண்டும். பழகிவிட்டால் கீழே சொல்கிறவற்றில் எதற்குப் போவது என்று தானே தெரியும்.

3. மானிட்டர் பக்கம் என்றால் முதலில் ரெசல்யூஷன். 1920×1080 திரைக்கு 1366×768 அனுப்பினால் மானிட்டர் அதைத் தானே இழுத்து நிரப்பிக்கொள்ளும். எழுத்து நிச்சயம் மங்கும். எழுத்து பெரிதாக வேண்டும் என்று யாராவது ரெசல்யூஷனைக் குறைத்து வைத்திருப்பார்கள். மறுபடி திரையின் சொந்த அளவுக்கே கொண்டுவந்து, பெரிதாக்குவதை விண்டோஸின் ஸ்கேலிங் செட்டிங்கில் செய்து கொடுங்கள். பழைய விஜிஏ கேபிளாக இருந்தால் மானிட்டரிலேயே இருக்கும் 'ஆட்டோ' பொத்தானை அழுத்திப் பாருங்கள். முடிந்தால் எச்டிஎம்ஐக்கோ டிஸ்ப்ளேபோர்ட்டுக்கோ மாற்றிவிடுங்கள்.

டிவியை மானிட்டராக மாட்டியிருக்கும் இடங்களில் ஒரு தனி நோய் உண்டு. வெள்ளையில் கறுப்பு எழுத்து ஓரளவு நன்றாக இருக்கும்; கறுப்பில் சிவப்பு எழுத்தோ நீலத்தில் சிவப்பு எழுத்தோ கரைந்து வழியும். வெளிச்சத் தகவலை முழுசாக அனுப்பி, வண்ணத் தகவலைப் பாதியாகவோ காலாகவோ குறைத்து அனுப்புவதன் விளைவு அது. சினிமாவுக்குக் கண்ணில் படாது, எழுத்துக்குப் படும். டிவியின் மெனுவில் அந்த எச்டிஎம்ஐ உள்ளீட்டுக்கு 'பிசி' என்று பெயர் வைக்கும் வசதி இருந்தால் வையுங்கள். பல டிவிகளில் வண்ணக் குறைப்பும் செயற்கைக் கூர்மையும் அதோடு நின்றுவிடும்.

4. ஒரே ஒரு மென்பொருள் மட்டும் மங்கல், டாஸ்க்பாரும் மற்ற ஜன்னல்களும் பளிச்சென்று இருக்கின்றன என்றால் அது பெரும்பாலும் ஸ்கேலிங் விவகாரம். விண்டோஸின் அடிப்படைக் கணக்கு ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளி. 125% வைத்தால் அது 120 ஆகிறது. 150% வைத்தால் 144. புது மென்பொருள்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்கேற்ப எழுத்தைப் புதிதாக வரைகின்றன. பழைய மென்பொருளுக்குக் கேட்கத் தெரியாது. அதனிடம் விண்டோஸ் "96தான்" என்று சொல்லி வரையவிட்டு, வரைந்து முடித்த படத்தை அப்படியே இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

அந்த மென்பொருளின் ஐகானில் வலது சொடுக்கு, ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, அங்கே 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்'. கீழே உள்ள பெட்டியை டிக் செய்தால் மூன்று வழி கிடைக்கும். 'சிஸ்டம்' என்பது மேலே சொன்ன இழுப்பு. 'அப்ளிகேஷன்' என்றால் இழுக்காமல் மென்பொருளிடமே விட்டுவிடும். எழுத்து கூர்மையாகும், ஆனால் சிறுத்துப் போகலாம். 'சிஸ்டம் (என்ஹான்ஸ்டு)' என்பது 2017-இல் விண்டோஸ் 10-இல் வந்தது. பழைய முறையில் வரையும் மென்பொருள்களின் எழுத்தை விண்டோஸே பெரிய அளவில் திரும்ப வரைய முயலும். இந்த மூன்றாவதை முதலில் போடுங்கள், சரிப்படாவிட்டால் 'அப்ளிகேஷன்'. எதைப் போட்டாலும் முதல் ஜன்னலைப் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். மென்பொருளில் அன்றாடம் திறக்கிற எல்லாப் பெட்டிகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். எழுத்து வளர்ந்து, கீழே இருந்த 'சேவ்' பொத்தான் ஜன்னலுக்கு வெளியே போய்விட்டால், மங்கலாக இருந்ததே மேல் என்று ஆகிவிடும்.

மடிக்கணினியை மேசை மானிட்டரோடு இணைத்துப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொன்று. சில மென்பொருள்கள் லாகின் ஆன நேரத்து ஸ்கேலிங்கையே நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருக்கும். மானிட்டரை மாட்டியபின் ஒருமுறை சைன் அவுட் செய்து உள்ளே வரச் சொல்லுங்கள். பல புகார்கள் அதிலேயே தீர்ந்துவிடும்.

5. கிளியர்டைப்பைப் புரிந்துகொள்ளாமல் அணைக்காதீர்கள். எல்சிடி திரையின் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கீற்றுகளாகப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கீற்றுகளைத் தனித்தனியாகப் பயன்படுத்தினால் கிடைமட்டத்தில் கூடுதல் நுணுக்கம் கிடைக்கும் என்ற யோசனையை மைக்ரோசாஃப்ட் 1998-இல் அறிவித்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் கொடுத்தது. விஸ்டாவிலிருந்து தானாகவே இயங்குகிறது. கீற்றுகளின் வரிசை எதிர்பார்த்தபடி இருந்தால்தான் இது பலிக்கும். மானிட்டரை நெட்டுக்குத்தாகத் திருப்பி வைத்தால் கீற்றுகள் ஒன்றின்மேல் ஒன்றாகிவிடும். ஓஎல்இடி மானிட்டர்கள் சிலவற்றில் அவை முக்கோணமாக அமைந்திருக்கின்றன. அங்கெல்லாம் எழுத்தின் ஓரத்தில் வண்ணம் கசியும். ஸ்டார்ட் மெனுவில் கிளியர்டைப் என்று தேடினால் வரும் சரிபார்ப்பை, அந்த மானிட்டரில் வேலை செய்கிறவரை உட்கார வைத்துச் செய்யச் சொல்லுங்கள். எந்த மாதிரி நன்றாக இருக்கிறது என்று அவர் கண்தான் சொல்ல வேண்டும். வண்ணக் கசிவு அவருக்குத் தாங்கவில்லை என்றால் அணைத்துவிடலாம்.

ரிமோட் டெஸ்க்டாப்பில் ஓடும் மென்பொருளில் மட்டும் எழுத்து படிக்கட்டாக இருந்தால், இணைப்புப் பெட்டியின் 'எக்ஸ்பீரியன்ஸ்' பக்கத்தில் 'ஃபாண்ட் ஸ்மூத்திங்' டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். மெதுவான இணைப்பு என்று தேர்ந்தால் அது போய்விடுகிறது.

மேக் வைத்திருப்பவர்கள் புது மானிட்டர் வாங்கி எழுத்து மெலிந்து கிடக்கிறது என்றால் மென்பொருளில் பிழை தேட வேண்டாம். 2018-இல் வந்த மோஹாவே பதிப்பிலிருந்து ஆப்பிள் இந்த வண்ணக்கீற்று முறையைக் கைவிட்டுவிட்டது. அடர்த்தியான திரையை எதிர்பார்த்தே அது வரைகிறது.

6. தமிழுக்கு இடம் அதிகம் வேண்டும். இதை யார் மறந்தாலும் நீங்கள் மறக்கக்கூடாது. 9 பாயிண்ட் எழுத்து என்பது 96 கணக்கில் 12 பிக்சல். அந்த 12-இல் புள்ளிக்கும் மேல்விலங்குக்கும் மேலே இடம் விட வேண்டும். 'கூ', 'ழு' போன்றவற்றின் வாலுக்குக் கீழே இடம் விட வேண்டும். எழுத்தின் உடலுக்கு மிஞ்சுவது ஆறேழு பிக்சல். இப்போது முச்சுழி 'ண'வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுழி சுழியாகத் தெரிய வேண்டுமானால் ஒரு கோடு, நடுவே வெள்ளை, மறுபடி ஒரு கோடு என்று மூன்று பிக்சல் அகலமாவது வேண்டும். மூன்று சுழிக்கும் கடைசிக் கோட்டுக்கும் இடம் போதாமல் எல்லாம் ஒரு சாம்பல் திட்டாகிவிடும். பிறகு 'ண'வும் 'ன'வும் ஒன்று. புள்ளி ஒரே ஒரு பிக்சல்; அதுவும் பாதிச் சாம்பலாக வந்தால் 'க்' எங்கே, 'க' எங்கே? மேல்விலங்கின் சுருள் மறைந்தால் 'கீ'யும் 'கி'யும் ஒன்று. ஆங்கிலத்தில் எழுத்து சற்று மங்கினால் சொல் தெரிந்துவிடும். தமிழில் சொல்லே மாறிவிடும். பெயர்களையும் ஊர்களையும் பதிகிற இடத்தில் இது விளையாட்டு இல்லை.

ஆகவே தமிழ் இடைமுகத்தில் 12 பாயிண்ட், அதாவது 16 பிக்சல், என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். அது திரையைப் பொறுத்தும் மாறும். 24 அங்குல முழு எச்டி மானிட்டரில் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 92 பிக்சல்; 15.6 அங்குல மடிக்கணினியில் அதே முழு எச்டி, 141 பிக்சல். அதே 12 பிக்சல் எழுத்து முதலாவதில் 3.3 மில்லிமீட்டர், இரண்டாவதில் 2.2 மில்லிமீட்டர்தான். மென்பொருளில் அளவை மாற்ற வழியில்லை என்றால் விண்டோஸின் அக்செசிபிலிட்டி பகுதியில் 'டெக்ஸ்ட் சைஸ்' என்ற ஒன்று இருக்கிறது. எழுத்தை மட்டும் 225% வரை பெரிதாக்கும். எல்லா மென்பொருளும் அதற்குக் கட்டுப்படாது, ஆனாலும் முயன்று பாருங்கள்.

7. கொம்பு இடம் மாறி நின்றால் அது மங்கல் நோயே இல்லை. கோப்பில் 'சேமி' என்ற சொல் இருக்கும் வரிசை: ச, பிறகு இரட்டைக்கொம்பு, பிறகு ம, பிறகு மேல்விலங்கு. திரையில் இரட்டைக்கொம்பு 'ச'வுக்கு முன்னால் வந்தாக வேண்டும். இதைச் செய்கிற பகுதிக்கு ஷேப்பிங் என்று பெயர். விண்டோஸ் 2000-இல் தமிழுக்கு வந்தது, லினக்ஸ் உலகில் ஹார்ஃப்பஸ் என்ற நூலகம் அதைச் செய்கிறது. ஷேப்பிங் இல்லாத மென்பொருள் கோப்பில் உள்ள வரிசையிலேயே வரைந்துவிடும். 'சமே' என்பதுபோல ஆரம்பித்து விலங்கு எங்கோ தொங்கும். 'கொ' என்பது 'க' தனியாகவும், அதற்குப் பின்னால் கொம்பும் காலும் தனியாகவும் நிற்கும். சில இடத்தில் புள்ளி வட்டம் ஒன்றும் முளைக்கும்.

இதற்கு ஃபாண்டை மாற்றிப் பயனில்லை. மென்பொருளில் ஷேப்பிங் இருக்கிறதா, இருந்து அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அடோபி இன்டிசைனில் பத்திப் பகுதியின் மெனுவில் 'வேர்ல்ட்-ரெடி' கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லிப்ரே ஆஃபீஸ் 2017-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளத்திலும் ஹார்ஃப்பஸ்ஸையே பயன்படுத்துகிறது. ஜாவா மென்பொருள்கள் ஜாவா 9-இலிருந்து அதற்கு மாறின. ஸ்கேலிங் ஆதரவும் அந்தப் பதிப்பில்தான் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் வந்தது, எனவே ஜாவா 8-இல் தங்கிவிட்ட மென்பொருளில் இரண்டு தொல்லையும் சேர்ந்தே இருக்கலாம். பைத்தானில் பில்லோ கொண்டு அடையாள அட்டையோ சான்றிதழோ அச்சிடுகிறவர்கள், ராக்ம் நூலகம் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாமல் தமிழ் உடைந்துதான் வரும்.

8. ஃபாண்ட் தானாக மாறியிருந்தால் எது போய் எது வந்தது என்று பாருங்கள். லதா ஃபாண்ட் விண்டோஸ் 2000 காலத்திலிருந்து இருந்தது. விண்டோஸ் 8-இல் நிர்மலா யூஐ வந்தது. விண்டோஸ் 10-இல் லதாவும் விஜயா என்ற இன்னொரு தமிழ் ஃபாண்டும் கூடுதல் வசதிப் பட்டியலுக்குப் போய்விட்டன. லதாவையே பெயர் சொல்லிக் கேட்கும் பழைய மென்பொருள், அது இல்லாதபோது கிடைத்ததை எடுத்துக்கொள்ளும். அளவும் தடிமனும் மாறும். செட்டிங்கில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' போய் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபாண்ட்ஸ்' சேர்த்துவிட்டால் தீர்ந்தது. கண்ட இடத்தில் இறக்கிய ஃபாண்ட் தொகுப்புகளை அலுவலகக் கணினியில் கொட்டாதீர்கள்.

லிப்ரே ஆஃபீஸில் ஃபாண்டை மாற்றினேன், ஆங்கிலம் மாறுகிறது, தமிழ் அசையவில்லை என்பார்கள். அங்கே தமிழ் 'காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்ற தனிக் கணக்கில் வருகிறது. அதற்கென்று உள்ள ஃபாண்டையும் அளவையும் தனியாக மாற்ற வேண்டும்.

9. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் வேறு குறிகளும் கலந்து பொருளில்லாமல் தெரிந்தால் அது பாமினி, டாப், டிஸ்கி போன்ற பழைய குறியாக்கத்தில் தட்டச்சு செய்தது. அந்தந்த ஃபாண்ட் இருந்தால்தான் தமிழாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. மாற்றுவதற்கு முன் மூலக் கோப்பின் நகல் எடுத்துவையுங்கள். மாற்றிய பிறகு ஆங்கிலம் கலந்த இடங்களையும் எண்களையும் உட்கார்ந்து சரிபாருங்கள்.

இதோடு சேர்த்துத் தட்டச்சுப் பிழையையும் தெரிந்துகொள்ளுங்கள். 'பௌர்ணமி' என்பதில் வரும் ஔகாரக் குறி ஒரே எழுத்து. பலர் ஒற்றைக்கொம்பும் 'ள'வும் போட்டு 'பெளர்ணமி' என்று அடிக்கிறார்கள். பார்வைக்கு ஒன்றுதான், தேடினால் கிடைக்காது. 'ஸ்ரீ'யும் 'ஶ்ரீ'யும் அப்படியே: இரண்டும் வேறு எண்கள், ஒரு ஃபாண்டில் ஒன்று கூடி நிற்கும், மற்றது உடைந்து நிற்கும். தரவை ஒரே முறையில் சீராக்கினால்தான் இது தீரும்.

10. லினக்ஸில் ஹின்டிங் என்பதை 'ஸ்லைட்' அளவில் வையுங்கள். 'ஃபுல்' வைத்தால் கோடுகள் பிக்சலோடு ஒட்டவைக்கப்பட்டு ஆங்கிலம் கூர்மையாகலாம், தமிழின் வளைவுகள் கோணிப் போகும். தமிழுக்கு எந்த ஃபாண்டைக் கணினி தேர்ந்தெடுக்கிறது என்பதை எஃப்சி-மேட்ச் கட்டளை சொல்லும். வேலேண்டில் 125% போன்ற பின்ன ஸ்கேலிங் வைத்திருக்கும்போது பழைய எக்ஸ்11 மென்பொருள் மட்டும் மங்கினால், அது நாலாவதில் சொன்ன அதே இழுப்பு. கேடிஈயில் அந்த மென்பொருள்களைத் தாமே பெரிதாக்கிக்கொள்ளவிடும் தேர்வு டிஸ்ப்ளே செட்டிங்கிலேயே இருக்கிறது.

11. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். மாற்றுவதற்கு முன் ஒரு ஸ்கிரீன்ஷாட், பின் ஒரு ஸ்கிரீன்ஷாட். ரெஜிஸ்ட்ரியைத் திருத்தி விண்டோஸின் அடிப்படை ஃபாண்டையே மாற்றச் சொல்லும் யோசனைகளைச் செய்து பார்க்க வேண்டாம்; வேறெங்கோ எழுத்துக்குப் பதில் கட்டங்கள் நிற்கும், அடுத்து வருகிறவர் காரணம் தெரியாமல் திண்டாடுவார்.

12. எல்லாம் சரியாக இருந்தும் மங்கலாகத் தெரிகிறது என்கிறவர் நாற்பதைத் தாண்டியவரானால், வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று மரியாதையோடு கேளுங்கள். புத்தகம் படிக்கும் கண்ணாடி ஏறக்குறைய ஒரு முழ தூரத்துக்கு. மானிட்டர் அதைவிடத் தள்ளி இருக்கிறது. மருத்துவரிடம் போகும்போது மானிட்டர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து சொல்லச் சொல்லுங்கள். அதுவரை ஸ்கேலிங்கை 125% வைத்துக் கொடுங்கள், மற்றவர்கள் முன்னால் இதைப் பற்றிப் பேசாதீர்கள்.

13. உங்களால் சரிசெய்ய முடியாதது மென்பொருளிலேயே இருந்தால் அதை எழுதினவர்களுக்குத் தெரிவியுங்கள். இதில்தான் நம் பிள்ளைகள் மிகவும் சுணங்குகிறார்கள். பொத்தானின் உயரத்தை ஆங்கிலத்துக்கு அளந்து வைத்துவிட்டு, அதில் 'நீக்கு' என்று எழுதினால் புள்ளி மேலே வெட்டுப்பட்டு 'நீககு' ஆகிறது. வைத்தவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாமலிருக்கலாம். அவர்கள் கண்ணுக்கு அது கோளாறாகவே படாது. நாம் சொல்லாவிட்டால் யார் சொல்வது? மென்பொருளின் பதிப்பு எண், இயங்குதளம், ஸ்கேலிங் சதவீதம், மானிட்டரின் ரெசல்யூஷன், ஃபாண்டின் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். உடைந்து தெரியும் படத்தை பிஎன்ஜியாக வையுங்கள். பக்கத்திலேயே அதே சொல் வேறொரு மென்பொருளில் சரியாகத் தெரியும் படத்தையும் வையுங்கள். அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்தும் அனுப்புங்கள், அவர்கள் நகலெடுத்து ஒட்டிப் பார்க்க முடியும். வெட்டுப்பட்ட புள்ளியைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டு, அந்தப் புள்ளி போனால் சொல் எப்படி மாறுகிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.